ஒரு முறைதான் சொல்வார்கள்

ஷிச்சியாவ், 9 செப்டம்பர் 2001

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் போட்டுவிடுவாய் என்று அம்மா சொல்கிறாள். போட்டாலும் பரவாயில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் விடுதிக் காவலாளி போனை எடுத்தால் உன்னைக் கூப்பிட மாட்டேன் என்கிறார். வேறு என்ன செய்வது?

பள்ளியில் மறுபடி சேர்ந்துவிட்டேன். தோற்றவர்களுக்கென்று தனி வகுப்பு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. தொண்ணூற்று நான்கு பேர். நான் கடைசிக்கு முந்தைய வரிசை. யாரும் யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் போன வருட மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டிவரும்.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த அன்று நீ கேட்டாய், "நல்லாத்தானே எழுதினேன்னு சொன்ன, அப்புறம் எப்படி ஒரு காலேஜும் கிடைக்கல?" என்று. நான் பதில் சொல்லவில்லை, கத்தினேன். இப்போது சொல்கிறேன். தேர்வு முடிந்ததும் சரியான விடைகளை அச்சடித்த விடைத்தாள் ஒன்று கொடுப்பார்கள். அதை வைத்து நாமே நமக்கு மதிப்பெண் போட்டு, அந்தக் கணக்கை நம்பிக் கல்லூரியை எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மை மதிப்பெண் அதற்குப் பிறகுதான் வரும். நான் ஐந்நூற்றுப் பத்து என்று எண்ணி, பெரிய கல்லூரியை முதலில் எழுதினேன். வந்தது நானூற்று எழுபத்தொன்று. முதலில் எழுதிய இடம் கைவிட்டால் மற்ற இடங்கள், எங்களை இரண்டாவதாகத்தானே எழுதினாய் என்று திரும்பியும் பார்க்காது. அப்படியே நடுவில் விழுந்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் மட்டும் பதினெட்டு குறைந்தது. வாசித்துப் பதில் சொல்லும் பகுதி அல்ல, ஒலிநாடாவைக் கேட்டுப் பதில் சொல்லும் பகுதி. விடைத்தாளைப் பார்க்கப் பார்க்க எல்லாம் நான் போட்டது போலவே இருந்தது. ஆசை அப்படி.

"உன்னை யாரு படிப்பை விடச் சொன்னா, நானா கேட்டேன்?" என்று அன்று சொன்னேன். நீ விடியற்காலைப் பேருந்தில் போய்விட்டாய். சொன்னதை எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும். இந்த வருடம் எனக்கு இடம் கிடைக்க வேண்டும். இன்னொரு வருடம் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிங்


தொங்குவான், 2 அக்டோபர் 2001

பிங்,

பிரித்தேன். தலையணைக்கு அடியில் ஏற்கெனவே சோப்பும் செருப்பும் இருக்கின்றன, உன் கடிதத்துக்கு இடமில்லை.

நேற்று நடு இலையுதிர்ப் பண்டிகை. ஆளுக்கு ஒரு நிலா கேக் கொடுத்தார்கள். உள்ளே தாமரை விதை என்று சொன்னார்கள், மாவுதான் இருந்தது. என் அறையில் எட்டுப் பேர். ஏழு பேர் ஊர்க்காரிகளோடு வெளியே போய்விட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் யாரும் இங்கே இல்லை. நம் பேச்சைப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கேக்கை இரண்டாக வெட்டினேன், பிறகு இரண்டையும் நானே தின்றேன்.

நீ கத்தியதைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. அப்பா இறந்த வருடம் வீட்டில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று ஆனது. எனக்குக் கணக்கு வராது, உனக்கு வரும். அவ்வளவுதான். அதைப் பெரிய தியாகமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற அம்மாவோடு சண்டை போடு, என்னோடு வேண்டாம்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் செய்வது உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கான டேப் ரிக்கார்டர்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மறுபடி சொல்லுமே, அது. நான் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறேன். காதுபொறியை மாட்டி, சோதனை நாடாவைப் போட்டு, பொத்தானை அழுத்தி, சரியாகத் திரும்பச் சொல்கிறதா என்று கேட்டு, அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாது. மூன்று வருடமாக ஒரே நாடா. ஓர் ஆணும் பெண்ணும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அவன் கெஞ்சுகிறான், அவள் முடியாது என்கிறாள். அவன் மறுபடி கேட்கிறான், அவள் குரலைத் தணித்துக்கொண்டு மறுபடி முடியாது என்கிறாள். கடைசியில் அவன் பெருமூச்சு விடுகிறான். அவள் அவனை விட்டுப் போகிறாள் என்று நினைக்கிறேன். பல நாள் எனக்கு அவன்மேல் பாவமாக இருந்திருக்கிறது.

அவர்கள் பேசுகிற ஒலியை நம் எழுத்தில் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னதான் சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்.

யான்ச்சுன்


ஷிச்சியாவ், 11 நவம்பர் 2001

அக்கா,

நீ எழுதிய ஒலிகளை வாய்விட்டு இருபது முறை படித்தேன். பக்கத்தில் இருந்தவள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து இடத்தை மாற்றிக்கொண்டாள். கடைசியில் பிடிபட்டது. மன்னித்துக்கொள். அவன் தன் குளிர்கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறான். புதன்கிழமை வேண்டும் என்கிறான். வியாழன்தான் கிடைக்கும் என்கிறாள். புதன் மாலையாவது தர முடியுமா என்கிறான். முடியாது என்கிறாள். அவ்வளவுதான்.

போன வாரம் மாதிரித் தேர்வு நடந்தது. வாசிக்கும் பகுதியில் நாற்பதுக்கு முப்பத்தாறு. கேட்கும் பகுதியில் முப்பதுக்குப் பன்னிரண்டு. இரண்டும் ஒரே மொழிதானா என்று குவாங் வாத்தியார் கேட்டார். கரும்பலகைக்கு மேலே ஒரே ஒரு ஒலிபெருக்கி தொங்குகிறது. அதிலிருந்து வருகிற ஆங்கிலம் முன் வரிசைகளைத் தாண்டும்போதே இளைத்துவிடுகிறது. கடைசி வரிசைக்கு வருவது அதன் மிச்சம்.

ஆனால் ஒலிபெருக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது. வாசிப்பில் அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள். ஓர் ஆள் நாயைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான், நான் ஒரு சொல்லில் தடுக்கி விழுந்து எழுந்து வரும் வரை அங்கேயே நிற்கிறான். கேட்பதில் யாரும் நிற்பதில்லை. இருபது கேள்வியில் முதல் ஐந்து உரையாடலை ஒரு முறைதான் சொல்வார்கள். ஒரு சொல் விட்டுப்போனால் நான் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பேசி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இங்கே எனக்குப் பேச யாரும் இல்லை, அக்கா. நாள் முழுக்க யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன், என்னிடம் ஒருவரும் பேசுவதில்லை.

பிங்


தொங்குவான், 8 டிசம்பர் 2001

பிங்,

சலவையா? மூன்று வருடம் ஒரு கோட்டுக்காகவா நான் கண் கலங்கினேன்? அறையில் சொன்னேன். ஷியா கட்டிலில் உருண்டு சிரித்தாள். ஷியா எனக்குக் கீழ்க்கட்டிலில் படுப்பவள், இங்கே எனக்கு என்று இருக்கிற ஒரே ஆள். இப்போது வரிசையில் உட்காரும்போது அவன் குரலைக் கேட்டால் எரிச்சலாக வருகிறது. வியாழன் வரைக்கும் பொறுத்தால் என்ன?

இந்தப் பார்சலில் ஒரு டேப் வருகிறது. பொத்தான் கோளாறு என்று ஒதுக்கியது, ஆட்களுக்கு மலிவாகக் கொடுத்தார்கள். இரண்டு முறை அழுத்தினால் வேலை செய்யும். உன் வாத்தியாரிடம் நாடாக்களைக் கேட்டு வாங்கிக் காதோடு வைத்துக் கேள். ஒலிபெருக்கிக்குக் கும்பிடு போட்டுவிடு.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேட்பது என் தொழில். சொல்கிறேன், கேட்டுக்கொள். விட்டுப்போன சொல்லுக்குப் பின்னால் ஓடாதே, போனது போகட்டும், வருவதைப் பிடி. அப்புறம், சொல்லைக் கேட்பதற்கு முன்னால் குரலைக் கேள். அந்தச் சலவைக்காரி மறுக்கப் போகிறாள் என்பது அவள் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன துணி என்று தெரியவில்லையே தவிர, கிடைக்காது என்று தெரிந்ததல்லவா? உன் தேர்வில் பாதிக் கேள்வி அதுதானே, அவள் ஒப்புக்கொண்டாளா இல்லையா?

பிப்ரவரியில் புத்தாண்டுக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. ரயில் சீட்டுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

யான்ச்சுன்


ஷிச்சியாவ், 20 பிப்ரவரி 2002

அக்கா,

சீட்டு கிடைக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. நம் தெருவில் தெற்கே வேலைக்குப் போன எல்லோரும் வந்தார்கள், கூரைமேல் உட்கார்ந்தாவது வந்திருப்பார்கள். அம்மா உனக்கும் கிண்ணம் வைத்தாள், சோறும் போட்டாள். புகை போட்ட பன்றிக்கறியை உன் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைச் சாப்பிடச் சொன்னாள். நான் அதை எடுத்து அம்மா கிண்ணத்துக்கே மாற்றிவிட்டேன்.

தியான் மாமா கடையிலிருந்து போன் செய்தேனே, அதை நினைத்தால் இன்னும் மனசு சரியில்லை. உன்னை வரவழைக்கக் காவலாளியிடம் பதினைந்து நிமிடம் கெஞ்சினேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். நீ வந்து "என்ன?" என்றாய். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றேன். "என்ன?" என்றாய். கேட்கும் பகுதியில் இருபத்திரண்டு வாங்கிவிட்டேன், நீ சொன்னபடி குரலைப் பிடித்தேன் என்று மூன்று முறை கத்தினேன். கடையில் எல்லோருக்கும் என் மதிப்பெண் தெரிந்துவிட்டது. நீ "சரி சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாய்.

கம்பி நன்றாகத்தான் இருந்தது. உன் பக்கம் யாரோ சீட்டு விளையாடுவதுகூட எனக்குக் கேட்டது. இன்னும் கோபமா உனக்கு? கோபம் என்றால் திட்டிவிடு. என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்காதே.

பிங்


தொங்குவான், 17 மார்ச் 2002

பிங்,

கோபமெல்லாம் இல்லை. அந்தப் போன் பழசு. அதில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

இருபத்திரண்டா? அதை எழுதினாயே, அதுதான் வேண்டும். இரண்டு முறை படித்தேன்.

இங்கே ஒரு மாற்றம். சோதனை வரிசையிலிருந்து பெட்டி கட்டும் இடத்துக்கு வந்துவிட்டேன். நானேதான் கேட்டேன். அட்டையை மடி, டேப்பை வை, கையேட்டை வை, மூடு. காதுபொறி இல்லை, சலவைக்காரி இல்லை, நிம்மதி. சம்பளம் கொஞ்சம் குறைவு, அதைப் பற்றி நீ யோசிக்காதே.

இங்கே இப்போது நான்தான் எல்லோருக்கும் வேடிக்கை. வேலை முடிந்து மணி அடித்தது தெரியாமல் நேற்று நான் மட்டும் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேலாள் லூ வந்து முன்னால் நின்று, "ஏம்மா, காதை வீட்ல வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார். ஷியா இப்போது மணி அடித்தால் என் தோளைத் தட்டுகிறாள். முதலாளியம்மா மாதிரி இருக்கிறேன், எனக்கென்று ஓர் ஆள்.

யான்ச்சுன்


ஷிச்சியாவ், 2 ஏப்ரல் 2002

அக்கா,

எந்தக் காது?

பிங்


தொங்குவான், 26 மே 2002

பிங்,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை.

இடது. காதுபொறியை அந்தப் பக்கம் அழுத்தி வைத்துக் கேட்பது பழக்கம். போன கோடையில் ஓர் இரைச்சல் ஆரம்பித்தது, கொதிக்கிற கெட்டில் மாதிரி. பிறகு இரைச்சல் மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் கோளாறான டேப் ஒரு பெட்டி முழுக்க என்னைத் தாண்டிப் போய்விட்டது, லூ என்னை எழுப்பிப் பின்னால் உட்கார வைத்தார். நானாகக் கேட்டேன் என்று எழுதியது பொய். புத்தாண்டுக்கு வராததும் அதனால்தான். நீ ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து பேசுவீர்கள், ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

போதும், இதற்கு மேல் இதைப் பற்றி நீ கேட்கவும் கூடாது, அம்மாவிடம் சொல்லவும் கூடாது. உனக்குத் தேர்வு இன்னும் ஆறு வாரம்.

கல்லூரி எழுதும்போது பயப்படாதே. வடக்கே அந்தப் பெரிய மொழிக் கல்லூரி என்று சொல்வாயே, அதை முதலில் எழுது. போன வருடம் விழுந்தாய் என்பதற்காக இந்த வருடம் தரையிலேயே உட்கார்ந்துகொள்ளாதே. ஒருவேளை கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வருடம் படி. லூவிடம் பேசிவிட்டேன். வலது காதில் கேட்டுச் சோதிக்கிறேன் என்றேன். செப்டம்பரில் மறுபடி வரிசைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நீ ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம்.

தேர்வு முடிந்ததும் கேட்கும் பகுதியில் நீ போட்ட பதில்களை எனக்கு எழுது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஏ, பி, சி மட்டும்தான். உங்கள் தேர்விலும் அதைத்தானே கேட்கிறார்கள்?

யான்ச்சுன்


ஷிச்சியாவ், 14 ஜூலை 2002

அக்கா,

முடிந்துவிட்டது. கடைசித் தேர்வு ஆங்கிலம். கேட்கும் பகுதி தொடங்குவதற்கு முன்னால் ஊரையே அடக்கிவிட்டார்கள். பள்ளிக்குப் பின்னால் கட்டடம் கட்டுகிறவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். நிலக்கரி லாரிகளைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். சந்தையில் வாத்துக்காரி தன் வாத்துகளைச் சாக்குக்குள் போட்டுக் கட்டினாளாம், அம்மா பார்த்தாள். இருபது நிமிடம் இந்த ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நின்றது. அந்த அமைதியில் எனக்கு உன் நினைவுதான் வந்தது. உன் இடது பக்கம் எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன். அதற்குள் முதல் உரையாடல் ஆரம்பித்துவிட்டது.

வந்ததைப் பிடித்தேன், போனதை விட்டேன்.

நீ கேட்ட இருபது பதில்களையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பதினொன்றுதான் சரி. எல்லாப் பாடத்தையும் கூட்டினால் ஐந்நூறைத் தொடவில்லை. அதனால் மாகாணத் தலைநகரில் இருக்கிற ஆசிரியர் கல்லூரியை முதலில் எழுதிவிட்டேன். இந்த மதிப்பெண்ணுக்கு அது நிச்சயம் கிடைக்கும். படிவத்தைக் கொடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது.

குவாங் வாத்தியார் என் கணக்கைப் பார்த்துவிட்டு, "பயந்துகிட்டு எண்ணுறியா, பாத்து எண்ணுறியா?" என்றார். பார்த்துத்தான் என்றேன்.

நீ வரிசைக்குப் போக வேண்டாம், அக்கா.

பிங்


ஷிச்சியாவ், 28 ஜூலை 2002

அக்கா,

மதிப்பெண் வந்துவிட்டது. ஐந்நூற்று நாற்பத்தாறு. ஆங்கிலத்தில் நூற்று முப்பத்து மூன்று.

தப்பாக எண்ணிவிட்டேன். போன வருடம் கூட்டி எண்ணினேன், இந்த வருடம் குறைத்து எண்ணிவிட்டேன். வடக்குக் கல்லூரிக்கு ஐந்நூற்று முப்பது போதுமாம். குவாங் வாத்தியார் கையிலிருந்த விசிறியை மேசைமேல் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். ஆசிரியர் கல்லூரியில் இடம் உறுதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா பட்டாசு வாங்கியிருக்கிறாள், அவளுக்கு எந்தக் கல்லூரியும் ஒன்றுதான்.

திட்டி எழுது.

பிங்


ஷிச்சியாவ், 11 ஆகஸ்ட் 2002

அக்கா,

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. சிவப்பு உறை. உனக்குக் கிடைத்ததா என் போன கடிதம்? காவலாளிக்குப் போன் செய்தேன், நீ இருக்கிறாய் என்றார், கூப்பிட மாட்டேன் என்றார். நீ கூப்பிட வேண்டாம் என்று சொன்னாயா?

நாள் முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் படிப்பதற்கு இல்லை, ஒன்றும் கேட்பதற்கு இல்லை.

பிங்


தொங்குவான், 20 ஆகஸ்ட் 2002

பிங்,

ஆமாம், கூப்பிட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஜூலை மாதம் உன் கடிதம் வந்த அன்றே ஷியாவோடு போய், விடைகளை அச்சடித்த பழைய செய்தித்தாளைத் தேடி வாங்கினேன். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உன் தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது சரி. நம்பாமல் ஷியாவை எண்ணச் சொன்னேன். அவளுக்கும் பத்தொன்பது. நீ எனக்கு எழுதியது பதினொன்று. கணக்கு வராதவள் நான், எனக்கே எட்டு வித்தியாசம் தெரிந்தது.

நீ தப்பாக எண்ணவில்லை. நீ விழுந்தால் நான் மறுபடி காதுபொறியை மாட்டுவேன் என்று பயந்தாய். விழ முடியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாய். என் காதைப் பற்றி நான் எழுதியது நீ தைரியமாக இருப்பதற்கு. அதையே படித்து நீ இப்படிச் செய்வாய் என்று தெரிந்திருந்தால் விரலை வெட்டிக்கொண்டிருப்பேன்.

இந்த அறையில் எல்லோரிடமும் என் தங்கை வடக்கே போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். பெட்டி மடிக்கிறபோதெல்லாம் நீ அந்தக் கல்லூரி வாசலில் நிற்பதைப் பார்ப்பேன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டாய். மூன்று வாரமாக உன்மேல் கோபம். இன்னும் போகவில்லை. உன்னை ரயில் ஏற்றிவிட வர மாட்டேன். புத்தாண்டுக்கு வருவேன், அதற்குள் ஆறுமா பார்க்கலாம்.

நீ போ. நல்ல ஆசிரியை ஆகு. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று முதலில் கேள்.

நேற்றுச் சோதனை வரிசையில் இடம் காலி என்று லூ என்னைக் கூப்பிட்டார். வலது பக்கமாக வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். நன்றாகக் கேட்டது. கேட்காதவள் போல அடுத்த அட்டையை எடுத்து மடித்தேன்.

யான்ச்சுன்